கத்தி படாத வைத்தியம்



சென்ற தை மாதம், டில்லியில் மூடுபனி விலகாத ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் எங்கள் வீட்டுக் கதவைத் தட்டிய இளைஞர் ஒருவரின் கையில் நான்கு பக்கங்கள் கொண்ட ஓர் அச்சுப் படிவம் இருந்தது. இரண்டு பக்கம் ஆங்கிலம். இரண்டு பக்கம் இந்தி. "மாமா, இதை அம்மாவுக்குத் தமிழில் எழுதித் தரவேண்டும். நாளை மறுநாள் கையெழுத்திட்டுக் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள்" என்றார்.

அவருடைய தாயார் எங்கள் முனிர்க்காத் தெருவில் அனைவருக்கும் அக்கா. விருதுநகர்ப் பக்கத்திலிருந்து மணமாகி வந்து இருபத்தெட்டு ஆண்டுகள் ஆகின்றன. காய்கறிக்காரனிடமும் ஆட்டோக்காரனிடமும் பேரம் பேசுகிற அளவுக்கு இந்தி நன்றாக வரும், படிக்க வராது. வயது 54. உயரம் 155 சென்டிமீட்டர். எடை 94 கிலோ. நீரிழிவு எட்டு ஆண்டுகளாக உண்டு. முழங்கால் வலியால் மாடிப்படி ஏறுவது நின்றுபோய் இரண்டு ஆண்டுகள் ஆகிவிட்டன. ஒரு பெரிய மருத்துவமனையில் எடையைக் குறைக்க வழி கேட்டிருக்கிறார்கள். "ஆபரேஷன் கிடையாது மாமா. வாய் வழியாகக் குழாயை விட்டு வயிற்றுக்குள் ஒரு பலூனை வைப்பார்கள். இல்லாவிட்டால் உள்ளேயே தையல் போடுவார்கள். கத்தியே படாது" என்றார் பிள்ளை.

மைய அரசின் மொழிபெயர்ப்புப் பணியில் இருக்கும் எங்களுக்குப் படிவங்கள் புதியன அல்ல. ஆயினும் நாங்கள் பெயர்ப்பவை பெரும்பாலும் எவரும் படிக்காத அறிக்கைகள். ஒருவர் படித்துவிட்டு உடம்பை ஒப்படைக்கப் போகும் ஒரு தாளை அன்றுதான் முதன்முதலாகக் கையில் எடுத்தோம். தலைப்பை "அறுவையில்லாச் சிகிச்சை" என்று எழுதிவிட்டுச் சிறிது நேரம் பேனாவைக் கீழே வைத்தோம். அறுவை இல்லை என்பது உண்மைதான். ஆபத்தும் இல்லை என்று அந்தச் சொல் எங்கும் கூறவில்லை. கேட்பவரின் காது அதைத் தானாகவே சேர்த்துக்கொள்கிறது.

முதலில் அந்தக் குழாயின் கதை. உயிரோடிருக்கும் மனிதனின் இரைப்பைக்குள் பார்க்க முதன்முதலில் வழிகண்டவர் ஜெர்மானிய மருத்துவர் குஸ்மவுல்; ஆண்டு 1868. அவருடைய குழாய் விறைப்பானது, வளையாதது. அதைச் சாதாரண மனிதன் எப்படி விழுங்குவான்? வாள் விழுங்கும் வித்தைக்காரன் ஒருவனைப் பிடித்து அவன் தொண்டை வழியே செலுத்தினார். பிறகு ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகள் கழித்தே முழுவதும் வளையும் குழாய் வந்தது. அதற்கு ஒளியூட்டிய அறிவில் நம் நாட்டவர் ஒருவருக்குப் பங்குண்டு. பஞ்சாபில் மோகா என்னும் ஊரில் பிறந்த நரீந்தர் சிங் கபானி, தம் ஆசிரியர் ஹாப்கின்ஸுடன் சேர்ந்து, மயிரிழை போன்ற கண்ணாடி நார்க் கற்றையின் வழியே ஓர் உருவத்தை வளைத்துக் கொண்டுசெல்ல முடியும் என்று 1954-இல் எழுதினார். அதைப் படித்த ஹிர்ஷோவிட்ஸ் என்னும் மருத்துவர் அமெரிக்காவில் 1957-இல் கண்ணாடி நாராலான எண்டாஸ்கோப்பைச் செய்து, நோயாளிக்குக் கொடுப்பதற்கு முன்னர்த் தாமே விழுங்கிப் பார்த்தார். இன்று கண்ணாடி நாருக்குப் பதிலாக நுனியில் ஒரு சிறு காமிராவே இருக்கிறது. பார்ப்பதற்கென்று பிறந்த கருவி, வெட்டவும் தைக்கவும் கற்றுக்கொண்டுவிட்டது.

பலூன் எண்ணம் எங்கிருந்து வந்தது என்பது வேடிக்கையானது. தலைமயிரை விழுங்கும் வழக்கமுள்ள சிலருக்கு இரைப்பையில் மயிர் பந்துபோலத் திரண்டுவிடும். அத்தகையோர் சிறிதளவு உண்டாலே வயிறு நிறைந்ததாக உணர்ந்து இளைத்துப் போவதுண்டு. அப்படியொரு பந்தை நாமே செயற்கையாக வைத்தால் என்ன என்று டென்மார்க்கைச் சேர்ந்த நீபென், ஹார்போ என்ற இரு மருத்துவர்கள் 1982-இல் லான்செட் இதழில் எழுதினார்கள். மூன்றே ஆண்டுகளில், 1985-இல், அமெரிக்க அரசின் அனுமதியோடு காற்றடைத்த ஒரு பலூன் விற்பனைக்கு வந்தது. அளவு சுமார் 220 மில்லிலிட்டர், உருளை வடிவம். அதன் விளிம்பு இரைப்பைச் சுவரை உராய்ந்து புண்ணாக்கியது. சிலருக்குக் காற்றிறங்கிக் குடலுக்குள் நழுவி அடைத்துக்கொண்டது. வெறும் பத்தியத்தைக் காட்டிலும் பெரிய பலனும் காணவில்லை. 1988-இல் விற்பனை நின்றது. இடையே 1987-இல் நிபுணர்கள் அமெரிக்காவின் புளோரிடாவில் கூடி, நல்ல பலூன் எப்படி இருக்கவேண்டும் என்று வரையறுத்தார்கள்: விளிம்பில்லாமல் வழுவழுப்பாக இருக்கவேண்டும், காற்றுக்குப் பதில் திரவம் நிரப்பவேண்டும், எக்ஸ்ரேயில் தெரியவேண்டும், நீண்டநாள் தாங்கவேண்டும்.

இன்றைய பலூன் அந்த வரையறைக்குப் பிறந்த பிள்ளை. சிலிக்கோன் உறை, உருண்டை வடிவம். சுருட்டிய நிலையில் தொண்டை வழியே இறக்கி, எண்டாஸ்கோப்பால் பார்த்துக்கொண்டே, 400 முதல் 700 மில்லிலிட்டர் வரை உப்புநீரை நிரப்புகிறார்கள். அந்த நீரில் மெத்திலீன் நீலம் என்னும் சாயத்தைக் கலப்பது வழக்கம். பலூன் கசிந்தால் சாயம் உடலில் ஏறிச் சிறுநீர் நீலமாகவோ பச்சையாகவோ போகும். உடனே மருத்துவமனைக்கு ஓடவேண்டும் என்பதற்கு அதுவே மணியடிப்பு. ஆறு மாதம் கழித்து மறுபடியும் குழாயை விட்டு, நீரை உறிஞ்சிப் பலூனை வெளியே எடுத்துவிடுவார்கள். ஓராண்டு வரை வைக்கும் வகைகளும் உண்டு. குழாயே இல்லாமல் மாத்திரைபோல விழுங்கி, விழுங்கியபின் மெல்லிய குழல் வழியே நீர் நிரப்பி, சுமார் நான்கு மாதத்தில் தானாக உடைந்து மலத்தோடு வெளியேறும் பலூனும் இப்போது வந்துவிட்டது.

பலூன் இடம் அடைப்பதோடு நிற்பதில்லை. உண்ட உணவு இரைப்பையை விட்டு இறங்குவதையும் தாமதப்படுத்துகிறது. ஆகவே பசி மெல்ல வருகிறது. ஆனால் முதல் வாரம் படுத்தி எடுத்துவிடும். அந்நியப் பொருள் ஒன்றை வெளியேற்ற இரைப்பை போராடும்; வாந்தி, வயிற்றுப் பிசைவு, தண்ணீர்கூட நிற்காத நிலை. நூற்றில் சிலர் தாங்க முடியாமல் முன்னதாகவே எடுத்துவிடச் சொல்கிறார்கள். தாங்கியவர்களுக்குச் சராசரியாக உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு குறைகிறது. எங்கள் அக்காவின் கணக்கில் அது ஒன்பது கிலோ. பலூன் இருக்கும் காலம் முழுவதும் அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை தவறக் கூடாது. கர்ப்பிணிகளுக்கு இது ஆகாது.

அரிதான தீங்குகளும் உண்டு. திரவப் பலூன் வைத்தவர்களில், 2016 முதல் உலகெங்கும் 12 மரணங்கள் பற்றித் தகவல் வந்திருப்பதாக அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2018 ஜூன் மாதம் அறிவித்தது. எல்லாவற்றிற்கும் பலூன்தான் காரணம் என்று அது முடிவுகட்டவில்லை. ஆனால் இரைப்பையில் துளை விழுதல், கணையம் வீங்குதல், பலூன் தானாகவே காற்றேறிப் பருத்தல் ஆகியவற்றைக் கவனிக்கும்படி மருத்துவர்களை எச்சரித்தது. பலூன் வைத்துக்கொண்டவர்களின் தொகையோடு ஒப்பிட்டால் இது மிகச் சிறிய எண்ணே. சிறியது என்பதற்காகப் படிவத்திலிருந்து எடுத்துவிடக் கூடியதன்று.

இந்த இடத்திற்கு வந்தபோதுதான் பிள்ளை தயங்கினார். "மாமா, துளை விழும், மரணம் வரலாம் என்கிற வரியை மட்டும் விட்டுவிடுங்களேன். அம்மா பயந்து வேண்டாம் என்று சொல்லிவிடுவாள். முழங்கால் அப்படியே கிடக்கும்." அவர் கெட்டவர் அல்லர். தாயின் கையைப் பிடித்துக் கழிவறைக்கு அழைத்துச் செல்பவர் அவர்தான். அவர் சொன்னதில் ஒரு நியாயமும் இருந்தது. இருப்பினும் அந்த வரியை விட்டால் அந்தத் தாள் வேறு தாளாகிவிடும். கையெழுத்து அக்காவுடையது, வயிறும் அக்காவுடையது. "எழுதுகிறோம், ஆனால் நூற்றுக்கு எத்தனை பேருக்கு என்பதையும் டாக்டரிடம் கேட்டுப் பக்கத்திலேயே எழுதுவோம்" என்றோம். அவருக்கு மனம் ஒப்பவில்லை. தேநீர் ஆறிப்போயிற்று.

இனித் தையலுக்கு வருவோம். இதற்கு எண்டாஸ்கோப்பின் நுனியில் ஒரு தையல் கருவியைப் பொருத்துகிறார்கள். நோயாளிக்கு முழு மயக்கம் கொடுக்கப்படும். இரைப்பையைக் கரியமில வாயுவால் விரித்து, திருகுபோன்ற ஒரு கம்பியால் சுவரைப் பற்றி இழுத்து, சுவரின் முழுக் கனத்தையும் ஊசி துளைத்து வருமாறு தைக்கிறார்கள். இரைப்பையின் வெளிப்புறப் பெருவளைவை ஒட்டி இவ்வாறு வரிசையாகத் தைத்து இழுக்கும்போது, அகன்ற பைபோல இருந்தது ஒடுங்கிய குழல்போல ஆகிவிடுகிறது. நம் வீட்டுத் தையற்காரர் பெரிய ரவிக்கையை உள்தையல் போட்டுச் சிறிதாக்குவதை நினைத்துக்கொள்ளலாம்; துணி எதுவும் வெட்டப்படுவதில்லை. இரைப்பையின் கொள்ளளவு ஏறத்தாழ எழுபது விழுக்காடு குறைகிறது. வேலை முடிய ஒன்று அல்லது ஒன்றரை மணி நேரம். மனிதருக்கு இம்முறை முதன்முதலில் செய்யப்பட்டது 2012-இல், அதுவும் இந்தியாவில், அமெரிக்க மருத்துவர்களின் கையால்.

இதன் பலனை ஒழுங்காக அளந்த ஆய்வு 2022-இல் லான்செட் இதழில் வெளிவந்தது. அமெரிக்காவில் ஒன்பது மருத்துவமனைகள்; 209 பேர். ஒரு பிரிவினருக்குத் தையலோடு உணவுக் கட்டுப்பாடு. மற்றவர்களுக்கு உணவுக் கட்டுப்பாடு மட்டும். ஓராண்டு முடிவில் முதல் பிரிவினர் தம் எடையில் சராசரி 13.6 விழுக்காடு இழந்தனர், மற்றவர்கள் 0.8 விழுக்காடு. தையல் போட்டுக்கொண்டவர்களில் கடுமையான சிக்கல் கண்டவர்கள் 131 பேரில் மூவர்: ஒருவருக்கு இரத்தக் கசிவு, ஒருவருக்கு வயிற்றுக்குள் சீழ்க்கட்டி, ஒருவருக்கு ஊட்டக் குறைவு. மூன்றாமவருக்குத் தையலையே பிரிக்க நேர்ந்தது. எவரும் இறக்கவில்லை.

அக்காவின் 94 கிலோ இந்தக் கணக்கில் ஓராண்டில் 81 ஆகும். இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி அகற்றும் அறுவைச் சிகிச்சையில் சாதாரணமாக எடையில் கால்பங்குக்குக் குறையாமல் இறங்கும். அதாவது எழுபது கிலோவை ஒட்டி வரலாம். வெட்டியதை மீண்டும் ஒட்டவைக்க முடியாது என்பது அதன் விலை. வாரம் ஒருமுறை போட்டுக்கொள்ளும் ஊசிகளும் இப்போது நம் நாட்டில் கிடைக்கின்றன. செமாக்ளூடைட் என்னும் மருந்தைப் பற்றி 2021-இல் வெளியான ஆய்வில் 68 வாரத்தில் சராசரி 15 விழுக்காடு குறைந்தது. ஊசியை நிறுத்தினால் எடை திரும்பிவிடுவது கண்கூடு. பலூனை எடுத்த பின்பும் அப்படியே. தையலும் காலப்போக்கில் தளரக்கூடும். கத்தி படாத வழிகள் கத்திக்கு ஈடான பலனைத் தருவதில்லை என்பதை விளம்பரங்கள் சிறிய எழுத்தில்கூடச் சொல்வதில்லை. இது எங்களுக்குக் கோபம் தருகிற விஷயம்.

நோயாளிக்கு ஆறுதல் தருகிற "அறுவையில்லா" என்ற அடைமொழி பணவிஷயத்தில் காலை வாரிவிடலாம். நம் நாட்டுக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் நிபந்தனைகள் உடல் பருமனுக்கான அறுவைச் சிகிச்சையைப் பற்றியே பேசுகின்றன. அதற்கும் உடல் நிறை எண் 40 இருக்கவேண்டும், அல்லது கடுமையான துணைநோய்களோடு 35 இருக்கவேண்டும். பலூனுக்கும் உட்தையலுக்கும் காப்பீட்டுக்காரர் பணம் தருவாரா என்பதை முன்கூட்டியே எழுத்தில் வாங்கிக்கொள்ளவேண்டும். வாய்மொழியாகச் சொன்ன "ஆகட்டும் பார்க்கலாம்" கணக்கில் சேராது.

உடல் நிறை எண் என்பது எளிய கணக்குதான். எடையைக் கிலோவில் எடுத்து, மீட்டரில் அளந்த உயரத்தால் இருமுறை வகுத்தால் போதும். அக்காவுக்கு 39 வருகிறது. ஐரோப்பியருக்கு 30-இல் தொடங்கும் பருமன் இந்தியருக்கு 25-லேயே தொடங்குவதாக நம் மருத்துவர்கள் கொள்கிறார்கள். நம் உடலில் கொழுப்பு வயிற்றைச் சுற்றியே சேருவதும், நீரிழிவு சீக்கிரம் வருவதும் காரணம். 2019–21-இல் எடுத்த தேசியக் குடும்ப நல ஆய்வில் 25-ஐ எட்டியோ தாண்டியோ இருந்த பெண்கள் தமிழ்நாட்டில் 40.4 விழுக்காடு, டில்லியில் 41.3 விழுக்காடு. ஊரை விட்டு வந்ததால் பருத்தோம் என்று பரோட்டாவின் மேலும் சோலே பட்டூராவின் மேலும் பழிபோடும் நம்மவர்கள் இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

அன்று மாலை நாங்களே அக்கா வீட்டுக்குச் சென்று தமிழ்ப் பிரதியை வாய்விட்டுப் படித்தோம். துளை விழும் வரியைக் கேட்டு அவர் பயப்படவில்லை. "இரண்டு பிள்ளைகளைப் பெற்றவளுக்கு இது தெரியாதா தம்பி? மேலே படியுங்கள்" என்றார். மூன்றாம் பக்கத்தில் இந்தச் சிகிச்சை யாருக்கு ஆகாது என்ற பட்டியல் இருந்தது. முன்பே இரைப்பையில் அறுவை நடந்தவர்கள், பெரிய குடலிறக்கம் உதரவிதானத்தில் உள்ளவர்கள், இரைப்பையில் ஆறாத புண் உள்ளவர்கள், இரத்தத்தை இளக்கும் மாத்திரையோ வலி மாத்திரையோ தொடர்ந்து உண்பவர்கள். கடைசிச் சொல்லில் அவர் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"முழங்காலுக்கு நான் தினமும் போடுகிறேனே, அந்த வெள்ளை மாத்திரையும் இதில் சேர்த்தியா?"

பிள்ளைக்கே அது தெரியாது. நான்கு ஆண்டுகளாக, நாளுக்கு இரண்டு, தெருமுனை மருந்துக்கடையில் சீட்டில்லாமல் வாங்கியது. மருத்துவமனையில் "என்னென்ன மருந்து சாப்பிடுகிறீர்கள்?" என்று இந்தியில் கேட்டபோது நீரிழிவு மாத்திரையை மட்டும் காட்டியிருக்கிறார். மருந்து என்றால் டாக்டர் எழுதிக் கொடுத்தது என்பது அவர் கணக்கு. கடையில் தானே வாங்கியது அவருக்கு மருந்தே அல்ல. அட்டையைப் பார்த்தோம். இரைப்பைச் சுவரை அரிக்கவல்ல வலிநிவாரணி. அதன்மேல் அரை லிட்டர் நீர் நிரம்பிய பலூனை ஆறு மாதம் உருளவிட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அந்த அறையில் எவரும் வாய்திறந்து சொல்லவில்லை. பிள்ளை தமிழ்ப் பிரதியை வாங்கி, அந்தப் பக்கத்தை மறுபடி தாமே படித்தார்.

செவ்வாயன்று கையெழுத்து ஆகவில்லை. அதற்குப் பதிலாகச் சோதனைக்கென்று மட்டும் எண்டாஸ்கோப் செய்தார்கள். இரைப்பையின் கீழ்ப்பகுதியில் இரண்டு புண்கள் இருந்தன. வலி மாத்திரையை நிறுத்தி, எட்டு வாரத்திற்கு மருந்து கொடுத்திருக்கிறார்கள். புண் ஆறிய பிறகு பலூனைப் பற்றிய பேச்சு வேண்டாம், தையலா அறுவையா என்று யோசிக்கலாம் என்பது மருத்துவரின் கருத்து. முழங்காலுக்கு இப்போதைக்கு ஒத்தடமும், உட்கார்ந்தபடியே செய்யும் பயிற்சியும்.

கடைசியாக ஒரு சிறு விஷயம். வெளிமாநிலத்தில் வாழும் நமக்கென்றே சொல்லவேண்டியது. எந்த முறையைக் கைக்கொண்டாலும் அதன்பின் முதல் இரண்டு வாரம் நீராகாரம், பிறகு மசித்த உணவு, அதன்பின்பே சாதாரண உணவு, அதுவும் சிறிது சிறிதாக. மருத்துவமனை தரும் உணவுத்தாள் வடநாட்டார் அடுப்படிக்கு எழுதியது. அதில் தலியா என்றிருக்கும். நம் கோதுமை ரவைக் கஞ்சிதான். கிச்சடி என்றிருப்பது நாம் டிபனுக்குக் கிண்டும் ரவா கிச்சடி அன்று. பாசிப்பருப்பும் அரிசியும் சேர்த்துக் குழைய வேகவைத்தது. உப்பும் மிளகும் குறைத்த நம் வெண்பொங்கலை, நெய்யும் முந்திரியும் இல்லாமல், அதன் இடத்தில் வைத்துக்கொள்ளலாமா என்று உணவு ஆலோசகரிடம் கேட்டோம், தாராளமாக என்றார். சாச் என்பது நீர்மோர். பருப்புத் தண்ணீர் என்பதற்குப் பக்கத்தில் "காரமில்லாத ரசம்" என்று நாங்கள் எழுதியதை மட்டும் அவர் அடித்துவிட்டார், புளி கூடாதாம். புரதம் வேண்டும், ரசத்தில் அது இல்லை என்றும் சொன்னார்.

அக்காவுக்கு இப்போது எடை 91. கடையில் வாங்கிய மாத்திரை போனதாலும், வலிக்குப் பயந்து ஓயாமல் கொறித்த பழக்கம் சற்று அடங்கியதாலும் மூன்று கிலோ இறங்கியிருப்பதாக அவரே கணக்குச் சொல்கிறார். மறு எண்டாஸ்கோப்புக்கு நாள் குறித்திருக்கிறார்கள். அன்று உடன் வரவேண்டும் என்று பிள்ளை வந்து கேட்டுக்கொண்டார். நாங்களும் அரைநாள் விடுப்புக்கு எழுதிக் கொடுத்திருக்கிறோம்.